பற்றாசும் எரிவாயுவும்

யாப்பிலக்கணம் கற்ற தமிழாசிரியர்கள் ஆசிடை நேரிசை வெண்பாவை அறிவர். இரண்டு குறள் வெண்பாக்களை ஒரு தனிச்சொல்லால் இணைத்து நான்கடி வெண்பாவாக்க முயலும்போது, முதற்குறளின் இறுதி தனிச்சொல்லோடு இயையாமல் இடைவெளி காட்டுவதுண்டு. அவ்விடத்தில் ஓரசையோ ஈரசையோ சேர்த்து ஓசை கெடாமல் ஒட்டுவர். அவ்வாறு சேர்த்த அசைக்கு ஆசு என்று பெயர். கம்மியர் இரண்டு உலோகத் துண்டுகளைப் பொருத்தும்போது நடுவில் வைத்து ஊதும் பற்றாசு போன்றது அது என்பது உரைமரபு தரும் விளக்கம்.

ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் இந்த விளக்கத்தை நானும் மனனம் செய்தேன், தேர்விலும் எழுதினேன். பற்றாசு எதனால் ஆனது, எந்தத் தீயில் உருகும், உருகி எங்கே செல்லும் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்க வைத்தவர் செராஸில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர். தோட்டத்தில் அவர் தந்தை பல ஆண்டுகள் ஓட்டிய சைக்கிளின் சட்டம் ஒரு பொருத்தில் விட்டுப்போயிற்று. அதைத் தம் கையாலேயே சரிசெய்ய வேண்டுமென்று அவருக்கு ஆசை. "சைக்கிளுக்கு வெல்டிங் அடிக்கணும் சார், எந்த கேஸ் வாங்குறது?" என்று கேட்டார். அதற்குள் ஒரு தவறும் நடந்துவிட்டிருந்தது. தெரிந்தவர் ஒருவர் அசிட்டிலீன் சுடரைக் காட்ட, விட்ட பொருத்து ஒட்டாததோடு பக்கத்துக் குழாயில் ஓர் ஓட்டையும் விழுந்திருந்தது. சூடு மிகுந்த சுடரே சிறந்த சுடர் என்று இருவரும் எண்ணியிருந்தனர்.

நான் பட்டறை கண்டவன் அல்லேன். ஆயினும் மாணவர் கேட்ட கேள்விக்குத் தெரியாது என்று சொல்லி விட்டுவிட மனம் வரவில்லை. தேடியபோது, அவருடைய தவறு வாயுவைத் தேர்ந்ததில் மட்டும் அன்று, சொல்லைத் தேர்ந்ததிலேயே தொடங்கியது என்று தெரிந்தது. வெல்டிங் என்று நாம் இன்று பொதுவாகச் சொல்வதில் முற்றிலும் வேறான இரண்டு தொழில்கள் அடங்கிக் கிடக்கின்றன. ஒன்றில் இரு துண்டுகளின் விளிம்புகளும் உருகி ஒன்றாகின்றன. மற்றொன்றில் துண்டுகள் உருகுவதே இல்லை; அவற்றினும் எளிதில் உருகும் வேறோர் உலோகம் இடையே ஓடிப் பற்றிக்கொள்கிறது. இரண்டாவதே பற்றாசிடுதல். விளக்குதல் என்ற வினைக்கும் உலோகத்தைப் பற்றவைத்தல் என்றொரு பொருள் பழைய வழக்கில் உண்டு. பொற்கொல்லர் பொடிவைத்து ஊதுவதும் இதுவே.

நம் முன்னோர் அறிந்த தீ கரித்தீ. குறுந்தொகை 172ஆம் பாட்டில் கச்சிப்பேட்டு நன்னாகையார் ஒரு கொல்லன் துருத்தியை உவமையாக்குகிறார். ஏழு ஊர்களுக்குப் பொதுவாக ஓரூரில் அமைந்த உலைத் துருத்தி அது, ஓய்வின்றி மிதிபடுவது. தலைவியின் நெஞ்சு படும் பாட்டைச் சொல்ல வந்த பாட்டுத்தான். ஆனால் ஒரு செய்தியையும் அது தருகிறது: துருத்தியும் உலையும் ஊர்தோறும் இருந்தவை அல்ல. ஓர் உலையை மூட்டிச் சூடேற்றுவது செலவு மிகுந்த வேலை. அதனாலேயே ஏழூர் வேலையும் ஓருலைக்கு வந்தது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் அகழ்ந்தபோது இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் வெளிப்பட்டன. கரியும் காற்றும் கொண்டு மண்மூசையில் எஃகு ஆக்கும் கலை தென்னாட்டில் சிறந்திருந்ததை உலகம் அறியும்.

அப்படியானால் இரும்போடு இரும்பை உருக்கி ஒட்டுவது நம் கொல்லருக்கு ஏன் கூடவில்லை? எஃகு உருக ஏறத்தாழ 1,500 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். துருத்தி ஊதிய கரியுலை அதற்கு நெருங்கிவரும். ஆனால் அந்தச் சூடு உலை முழுதும் பரந்த சூடு. கத்தியின் ஒரு விளிம்பை மட்டும் உருக்கு, மற்றப் பகுதியை விட்டுவிடு என்று கரித்தீயிடம் சொல்ல முடியாது. ஆகவே கொல்லன் இரும்பை வெண்சூடாக்கி, உருகுமுன் எடுத்து, பட்டடையில் வைத்துச் சம்மட்டியால் அடித்து ஒட்டினான். அது காய்ச்சி அடித்து ஒட்டுதல். மூன்றாவது ஒரு தொழில் என்றே கொள்ளலாம்.

பொற்கொல்லர் வேறு வழி கண்டார். எண்ணெய் விளக்கின் சுடரை ஊதுகுழலால் ஊதி, ஊசிமுனைபோல் ஒரு புள்ளியில் பாய்ச்சினார். இன்று கடையில் விற்கும் டார்ச்சுக்கு மூதாதை அந்த ஊதுகுழலே. அதன் சூடு எஃகை உருக்காது. உருக்க வேண்டிய தேவையும் இல்லை. பற்றாசு உருகினால் போதும். பற்றுமிடத்தில் மாசு படியாமல் காக்க வெண்காரம் தடவினார். வெண்காரம் 743 பாகையில் கண்ணாடிபோல் உருகி, உலோகத்தின் மேல் படிந்த துருப்படலத்தைக் கரைத்து, காற்று மீண்டும் தீண்டாதபடி மூடிக்கொள்ளும். தூய்மையான பரப்பு கிடைத்ததும் உருகிய பற்றாசு தானே நுண்ணிய இடுக்குகளில் ஏறி ஓடும். ஊற்றி நிரப்ப வேண்டியதில்லை. இடுக்கு எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நன்றாக ஏறும். யாப்பில் ஆசு ஓரசை ஈரசைக்கு மேற்படாமல் இருப்பதையும் இதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தபோது, உவமை சொன்னவர் பட்டறையை நேரில் பார்த்தவர் என்றே எனக்குப் பட்டது.

கரியின் காலம் முடிந்து வாயுவின் காலம் தொடங்கிய கதை இனி வருவது. 1836இல் எட்மண்ட் டேவி என்ற வேதியறிஞர் பொட்டாசியம் எடுக்க முயன்றபோது, நீர் பட்டதும் எரியும் வாயுவொன்றை வெளியிடும் பொருள் ஒன்றைக் கண்டார். பிற்பாடு பெர்த்தெலோ அவ்வாயுவுக்கு அசிட்டிலீன் என்று பெயரிட்டார். 1892இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் தாமஸ் வில்சன் என்பவர் அலுமினியம் எடுக்கும் ஆசையில் சுண்ணாம்பையும் தாரையும் மின்னுலையில் இட்டுக் காய்ச்சினார். கிடைத்தது அவர் தேடிய உலோகம் அன்று. கருங்கல் போன்ற ஒரு கட்டி. நீரில் எறிந்தால் வாயு கிளம்பிற்று. அதுவே கால்சியம் கார்பைடு.

இந்தக் கல்லை மலாயாத் தோட்டத்துத் தமிழர் நன்கு அறிவர். இருள் பிரியுமுன் பால்மரம் வெட்டப் புறப்பட்டவர்கள் நெற்றியில் கட்டிய கார்பைட் விளக்கு இக்கல்லால் எரிந்தது. மேல்தட்டில் நீர், கீழ்த்தட்டில் கல்; சொட்டுச் சொட்டாக நீர் விழ, வாயு கிளம்பி முனையில் வெண்சுடராக நிற்கும். பூண்டு அழுகினாற்போன்ற அதன் நாற்றம் என் போன்றோரின் இளமையோடு ஒட்டிக்கொண்ட ஒன்று. அதிகாலையில் லயத்துப் படிக்கட்டில் அம்மா பழைய சாம்பலைத் தட்டிவிட்டுப் புதிய கல்லைப் போடும் ஓசை இன்றும் காதில் இருக்கிறது. இரவுச் சந்தைக் கடைகளிலும் அதே விளக்கு எரிந்தது. ஆனால் நெற்றியில் எரிந்த அவ்வாயு எஃகையே உருக்க வல்லது என்று அந்நாளில் எங்களுக்குச் சொன்னவர் இல்லை.

அதற்குக் காற்றோடன்றிப் பிராணவாயுவோடு சேர்ந்து எரிய வேண்டும். 1895இல் பிரெஞ்சு அறிஞர் லெ ஷாத்தெலியே, அசிட்டிலீனும் பிராணவாயுவும் சம அளவில் எரிந்தால் 3,000 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் எழும் என்று அறிவித்தார். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் வான் லிண்டே காற்றைக் குளிர்வித்துத் திரவமாக்கும் முறையை வகுத்தார். சில ஆண்டுகளில் அம்முறையாலே பிராணவாயுவைப் பிரித்தெடுத்துத் தொழிலுக்கு வழங்க முடிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபூஷே, பிக்கார் என்ற இரு பிரெஞ்சுக்காரர் இரண்டு வாயுக்களையும் கலந்து எரிக்கும் கைச்சுடர்க் கருவியை அமைத்தனர். சம்மட்டி இல்லாமல் எஃகோடு எஃகை உருக்கி ஒட்டுதல் கைக்கு வந்தது.

பிராணவாயுவோடு எரியும் அசிட்டிலீன் சுடரின் வெப்பம் ஏறத்தாழ 3,100 பாகை. சமையல் எரிவாயுவின் ஒரு கூறான புரோப்பேன் பிராணவாயுவோடு எரிந்தால் ஏறத்தாழ 2,800 பாகை. எஃகு உருகுவதோ 1,500இல். இரண்டும் போதும்போல் தோன்றுகிறதன்றோ? அப்படியிருந்தும் புரோப்பேனால் எஃகை உருக்கி ஒட்டுவதில்லை. ஏன்?

சுடர் ஒரே பொருளன்று என்பதே விடை. முனையில் சிறிய வெண்ணீலக் கூம்பு ஒன்று உண்டு. அதைச் சூழ்ந்து நீண்ட வெளிச்சுடர் ஒன்று உண்டு. ஒரு கனமீட்டர் அசிட்டிலீன் எரிந்தால் ஏறத்தாழ 55 மெகாஜூல் வெப்பம் வெளிப்படும். அதில் மூன்றில் ஒரு பங்கு அந்தச் சிறு கூம்பிலேயே குவிகிறது. புரோப்பேன் ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 93 மெகாஜூல் தருகிறது. ஆனால் உள்கூம்பில் அதில் ஒன்பதில் ஒரு பங்கே உண்டு. எஞ்சியதெல்லாம் வெளிச்சுடரில் பரந்து போகிறது. ஆகவே மொத்த வெப்பத்தில் புரோப்பேனே செல்வன்; அந்தச் செல்வத்தை ஒரு புள்ளியில் கொட்டத் தெரியாதவன்.

வேதியியற் காரணம் ஒன்றும் உண்டு. அதுவே முதன்மையானது என்பது என் கருத்து. அசிட்டிலீனின் உள்கூம்பில் அது முழுதும் எரிந்து முடிவதில்லை. கார்பன் மோனாக்சைடும் நீரகமும் அங்கே தோன்றுகின்றன. இரண்டும் பிராணவாயுவுக்குப் பசித்தவை. சுற்றியுள்ள காற்றிலிருந்து அதைப் பிடித்து வெளிச்சுடரில் எரிகின்றன. உருகி நிற்கும் எஃகுக் குட்டையை அப்பசியே காக்கிறது. புரோப்பேன் சுடரை எஃகு உருகும் அளவு கூராக்க வேண்டுமானால் பிராணவாயுவை மிகுதியாகத் திறக்க வேண்டும். அப்போது அது உருகிய எஃகையே எரித்து நுரைக்க வைக்கும். பிராணவாயுச் செலவிலும் வேறுபாடு பெரிது. அசிட்டிலீன் ஒரு பங்குக்கு உருளையிலிருந்து ஒன்றுக்குச் சற்று மேற்பட்ட பங்கு போதும். புரோப்பேனுக்கு நான்கு பங்குக்கு மேல் வேண்டும். வாயு மலிவு என்று வாங்குகிறவர் பிராணவாயுக் கணக்கில் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

ஆயின் பற்றாசிடுதலில் நிலை தலைகீழ். பித்தளைப் பற்றாசு 900 பாகையை ஒட்டி உருகும். வெள்ளி கலந்த பற்றாசுகளில் பல 700 பாகைக்கும் கீழே உருகும். இவ்வேலைக்கு வேண்டியது ஊசிமுனைச் சூடு அன்று. பொருத்து முழுவதையும் ஒரே சீராகச் சிவக்க வைக்கும் பரந்த, மென்மையான சூடு. ஓரிடம் அளவுக்கு மிஞ்சிக் காய்ந்தால் வெண்காரம் கருகி, பற்றாசு ஓடாமல் உருண்டு நிற்கும். பித்தளையாயின் அதிலுள்ள துத்தநாகம் 907 பாகையில் கொதித்து வெண்புகையாகும்; அப்புகையை நெடுநேரம் உட்கொண்டவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும். துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயைச் சூடேற்றினாலும் இதே தொல்லைதான். அசிட்டிலீனின் குறையாகச் சொன்ன கூர்மை இங்கே தீங்கு; புரோப்பேனின் குறையாகச் சொன்ன பரப்பு இங்கே குணம். மாணவரின் சைக்கிளில் விழுந்த ஓட்டைக்குக் காரணம் இதுவே. சைக்கிள் சட்டத்தின் குழாய்கள் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய கனமே உடையவை. பழைய சட்டங்கள் மூட்டுறைக்குள் குழாயைச் செருகிப் பற்றாசிட்டவை, உருக்கி ஒட்டியவை அல்ல. இங்கிலாந்தின் சைக்கிள் தொழிற்சாலைகளிலும் எரிவாயுவும் ஊதுகாற்றும் கொண்ட அடுப்பில் வைத்தே பற்றவைத்தனர்.

இது வீட்டில் செய்யும் வேலை ஆதலின் ஆபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அசிட்டிலீனைத் தனியே அழுத்திச் சேமித்தால் காற்றே இல்லாமல் தானாகச் சிதைந்து வெடிக்கும். இதனைத் தொடக்க காலத்தில் பல உயிர்களைக் கொடுத்தே அறிந்தனர். 1890களின் பிற்பகுதியில் பிரான்சில் கிளாடும் ஹெஸ்ஸும் அதை அசிட்டோனில் கரைத்து வைக்கும் வழியைக் கண்டனர். சுவீடனில் குஸ்டாஃப் டாலன் என்ற பொறியாளர் உருளைக்குள் நுண்துளைப் பொருளை நிரப்பி அக்கரைசலை அதில் ஊறவைக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். அதே வாயுவைப் பற்றிய சோதனை ஒன்றில் 1912இல் வெடிப்பு நேர்ந்து இரு கண்களின் பார்வையையும் இழந்தார். அவ்வாண்டுப் பௌதிக நோபல் பரிசு அவருக்கே கிடைத்தது. பரிசைப் பெற்றுக்கொள்ளச் சென்றவர் அவர் சகோதரர். இன்றும் அசிட்டிலீன் உருளையைப் படுக்க வைத்துப் பயன்படுத்தக் கூடாது என்பதும், குழாயில் அதன் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவைத் தாண்டக் கூடாது என்பதும், செப்புக் குழாயில் அதை ஓடவிடக் கூடாது என்பதும் இக்கதையிலிருந்து வந்த விதிகள்.

சமையல் எரிவாயுவின் குணம் வேறு. அது உருளைக்குள் திரவமாக அமைதியாகவே இருக்கும். வெளியே கசிந்தால்தான் தொல்லை. புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. ஆகவே கசிந்த வாயு மேலே போகாது; தரையோடு தவழ்ந்து பள்ளம் தேடும். செராஸின் தெரஸ் வீடுகளை எண்ணிப் பாருங்கள். முன்னே கார் நிறுத்தும் இடம், அதையடுத்துத் திறந்த சாக்கடை, நம்மூர் வழக்கில் லோங்காங். பின்னே சந்து, அங்கும் ஒரு லோங்காங். நம் வீட்டில் கசிந்தது அடுத்த வீட்டு வாசலில் போய்த் தீப்பிடிக்க இடமுண்டு. இந்த ஒன்றை மாணவரிடம் மூன்று முறை சொன்னேன்.

மஞ்சள் குப்பியில் வரும் மாப் என்ற வாயுவைப் பற்றியும் அவர் கேட்டார். குளிர்சாதனம் பொருத்துவோர் செப்புக் குழாயைப் பற்றவைக்க அதைப் பயன்படுத்துவதைப் பார்த்திருக்கிறார். அப்பெயருக்குரிய பழைய கலவையின் உற்பத்தி வட அமெரிக்காவில் 2008இல் நின்றுவிட்டது. அந்தப் பெயரில் இன்று கிடைப்பது பெரும்பாலும் புரோப்பிலீன். சிறு வேலைகளுக்கு நல்லதே. சைக்கிள் சட்டத்தின் அடிமூட்டு போன்ற கனத்த பொருத்துக்கு அதன் சிறு சுடர் போதாது. சிற்றடுப்பில் செருகும் பியூட்டேன் குப்பி அதனினும் குறைவு.

ஆகவே நான் சொன்னது இது. பற்றாசிடப் புரோப்பேன் போதும். பிராணவாயு உருளைகூட வேண்டாம். காற்றோடு எரியும் பெரிய வாய்ச் சுடர் ஒன்றும், சூடு வெளியே ஓடாமல் பொருத்தைச் சுற்றி அடுக்கச் சில தீக்கற்களும், வெள்ளிப் பற்றாசும், அதற்குரிய காரமும் வாங்குக. குறைந்த சூட்டில் ஓடும் வெள்ளிப் பற்றாசுக்கு வெண்காரம் மட்டும் உதவாது. அது உருகுமுன் பற்றாசு உருகிவிடும். அடுப்படியிலிருக்கும் கேஸ் தோம்பைக் கழற்றிக்கொண்டு வராதீர். அதன் சீராக்கி அடுப்புக்கான தாழ்ந்த அழுத்தமே தரும், டார்ச்சுக்குத் திருத்தக்கூடிய வேறு சீராக்கி வேண்டும். எஃகை உருக்கி ஒட்டும் வேலை பின்னர் வந்தால் வீட்டில் அசிட்டிலீன் வைக்க நினையாதீர். பாலாக்கோங் பக்கத்துப் பட்டறை ஒன்றுக்கு எடுத்துச் செல்க, அல்லது மின்வில் கருவியைக் கற்றுக்கொள்க.

ஆசிரியத் தோழர்களிடம் கேட்டுக்கொள்வதும் ஒன்றுண்டு. நம் பாடநூல்களில் பற்றவைப்பு என்ற ஒரு சொல்லே இரண்டு தொழிலுக்கும் வந்துகொண்டிருக்கிறது. நெருப்பை மூட்டுவதற்கும் அதுவே சொல். யாப்பு நூலார் காத்துத் தந்த பற்றாசு நம்மிடம் இருக்கிறது. பற்றாசிடல் என்று ஒன்றையும், உருக்கி ஒட்டல் என்று மற்றொன்றையும் சொன்னால் பிள்ளைகளுக்குக் குழப்பம் இராது. இதனினும் நல்ல சொல் தெரிந்தவர் எழுதலாம்.

மாணவர் முதலில் வேண்டாத இரும்புத் துண்டுகளில் பழகினார். ஓட்டை விழுந்த குழாய்த் துண்டை அறுத்து எடுத்துவிட்டு, பழைய சைக்கிள் ஒன்றிலிருந்து வேறு குழாய் கொண்டுவந்தார். இரண்டாவது முயற்சியில் பற்றாசு மூட்டுறைக்குள் ஓடி மறுபக்கம் தலைகாட்டியது என்று இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் சொன்னார். மறுவாரம் நேரில் போய்ப் பார்த்தேன். மூட்டைச் சுற்றி நூல்போல் மெல்லிய வெள்ளிக் கோடு ஒன்று. சட்டம் முழுதும் கறுப்பு வண்ணம் பூசப்போவதாகச் சொன்னார். அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிட்டு, நிறமில்லாத வார்னிஷ் தடவினால் போதாதா என்று கேட்டேன்.